வர இயலாதோர் மன்னிப்பு

வாட்கோம்ப், டெவன்
14 மார்ச் 2012

அன்புள்ள ஹெஸ்டர்,

கதவைத் தட்டினேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. உங்கள் நாய் ஜன்னலில் நின்று வாலாட்டியது. நீங்கள் மட்டும் வரவில்லை. தட்டியது காதில் விழவில்லை போலும் என்று திரும்பிவிட்டேன். உங்களோடு ஃபோனில் பேச முடியாது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். காலமெல்லாம் சந்தையில் மாடு ஏலம் விட்டவனுக்கு எழுத்து எங்கே வரும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நேற்று நம் ஊர்க் கவுன்சில் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. வராதது குற்றமில்லை, எல்லோரும் மட்டம் போடுகிறவர்கள்தான். ஆனால் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும் அல்லவா? நிகழ்ச்சி நிரலில் முதல் வரியே 'வர இயலாதோர் மன்னிப்பு'. கிளார்க் ப்ரூடன்ஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹெஸ்டர்கிட்டேர்ந்து மன்னிப்பு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். உறுப்பினர் டென்சில் யோ மடியிலிருந்த தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விதி உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆறு மாதம் கூட்டத்துக்கு வராமல், மன்னிப்பும் அனுப்பாமல் இருந்தால் சீட் தானாகவே காலியாகிவிடும். யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம். பிப்ரவரி மத்தியில்தான் கடைசியாக வந்தீர்கள். ஆகஸ்டில் நமக்குக் கூட்டம் கிடையாது. ஆக, ஜூலைக் கூட்டம்தான் கடைசி வாய்ப்பு.

அந்த பிப்ரவரி மத்தியானம் ஆரம்பித்த 'நோக்கங்களும் இலக்குகளும்' பாதியில் நிற்கிறது. அடுத்த நான்கு வருஷத்துக்கு இந்தக் கவுன்சில் எதற்காக இருக்கிறது என்று எழுதி மாட்டப்போகிற தாள் அது. நீங்கள் இல்லாமல் டென்சிலையும் அவருடைய வேலிச் செடிப் பேச்சையும் நான் ஒருவனாகச் சமாளிக்க முடியவில்லை.

அன்றைக்கு நான் விளையாட்டாகச் சொன்ன எதிலோ உங்களுக்கு வருத்தம் என்று டென்சில் சொல்கிறார். நீங்களும்தானே சேர்ந்து சிரித்தீர்கள்? அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சும்மா இருந்தேன்.

'வர இயலவில்லை, மன்னிக்கவும்.' இவ்வளவு எழுதினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
ரோட்னி லஸ்கம்
சேர்மன்


17 மார்ச்

சேர்மன் அவர்களுக்கு,

நீங்கள் தட்டியது தெரியும். நாய் வாசலைப் பார்த்தால் நானும் வாசலைப் பார்ப்பேன். வந்தவர் யார் என்று தெரிந்துதான் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை உங்கள் கதவின் தபால் துளையில் போடும்போது அந்த இரும்பு மூடி என் விரலைக் கடிக்கப்போகிறது. இந்த ஊருக்குத் தபால்காரியாக வந்த முதல் வாரமே சொன்னேன், ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று. "ஆகட்டும், ஆகட்டும்" என்றீர்கள். ஓய்வு பெறும்வரை கடி வாங்கினேன். இப்போது சம்பளமில்லாமல் வாங்குகிறேன்.

மன்னிப்பு அனுப்பச் சொல்கிறீர்கள். கவுன்சிலில் அந்தச் சொல்லுக்கு லீவு லெட்டர் என்று அர்த்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ப்ரூடன்ஸ் அதை உரக்க வாசிக்கும்போது கேட்கிறவர்கள் காதில் எப்படி விழும்? கோபித்துக்கொண்டு போன ஹெஸ்டர் வென் இறங்கி வந்துவிட்டாள் என்றுதானே? நான் எதற்கு இறங்க வேண்டும்?

என் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். அன்றைக்குக் கவுன்சிலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அந்த இளைஞர் ஆளுக்கு ஒரு மஞ்சள் ஒட்டுச் சீட்டைக் கொடுத்து, கவுன்சில் செய்ய வேண்டியது என்று நினைப்பதைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: 'இந்த ஊரில் யாரும் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டி வரக் கூடாது.' சீட்டுகளைச் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாக நீங்கள் வாசித்தீர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, 'உங்களுக்குப் பார்சல் வந்தது, நீங்கள் வீட்டில் இல்லை' என்று எல்லார் வீட்டிலும் அட்டை எழுதிப் போட்டவள் நான். என் கையெழுத்து தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை.

என் சீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஏதோ சொன்னீர்கள். மேஜைமேல் இருந்த சுத்தியலை எடுத்துத் தட்டினீர்கள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். காது கேட்காதவர்கள் எல்லோரும் செய்வது இது, சிரிப்பில் பின்தங்கினால் அத்தனை பேரும் நம்மையே பார்ப்பார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் பக்கத்தில் இருந்த டென்சிலிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒன்னுமில்ல ஹெஸ்டர், விடுங்க" என்றார். அவர் முகம் சிவந்து கிடந்தது. சிரித்தது என்னைப் பார்த்து என்று அப்போதுதான் புரிந்தது. என்ன சொன்னீர்கள் என்பது இன்னும் தெரியாது. கடையில் மேவிஸிடம் கேட்டேன், அவள் உருளைக்கிழங்கை நிறுப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

நீங்கள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல், எழுதி அனுப்புங்கள். அது வந்தால் அடுத்த கூட்டத்துக்கு நானே வருவேன், லீவு லெட்டர் தேவைப்படாது. முதல் தடவையாகக் கேட்கிறேன். இரண்டாம் தடவை கேட்க மாட்டேன்.

ஹெஸ்டர் வென்


22 ஏப்ரல்

அன்புள்ள ஹெஸ்டர்,

பதில் தாமதமாகிவிட்டது. கன்று ஈனும் பருவம், மருமகனுக்கு ஒத்தாசை, அது இது என்று நாள் ஓடிவிட்டது. இது சாக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். கொஞ்சம் சாக்குதான்.

அன்றைக்குச் சொன்னது ஒன்றுமே இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கும். இதற்குப் போய் இவ்வளவு பெரிய விஷயம் பண்ணுகிறோமே என்று நீங்களே சிரிப்பீர்கள். மறந்துவிடலாமே?

நல்ல சேதி சொல்கிறேன். நோக்கங்கள் ஒரு வழியாக உருப்படியாகி வருகின்றன. பாதைகளைச் சுத்தமாக வைப்பது, பஸ் நிழற்குடைக்குக் கூரை மாற்றுவது, ஊர்மக்களுக்குக் காது கொடுப்பது, வேலிகளை ஒழுங்காக வெட்டுவது. கடைசியை டென்சில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். உங்கள் மஞ்சள் சீட்டை ப்ரூடன்ஸ் 'இதர' என்ற தலைப்பில் வைத்திருக்கிறாள். அளக்க முடியாததை நோக்கமாக வைக்கக் கூடாது என்று அந்தப் பயிற்சிக்காரப் பையன் சொல்லியிருந்தான் அல்லவா? அதுதான் சிக்கல், வேறொன்றுமில்லை.

ஏப்ரல் கூட்டத்திலும் உங்கள் நாற்காலி காலியாகவே இருந்தது. ப்ரூடன்ஸ் மறுபடி கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வரி அனுப்புங்கள் ஹெஸ்டர். உங்கள் வாசற்படியில் முட்டை வைத்திருக்கிறேன், இன்று காலை எடுத்தது.

ரோட்னி


3 மே

சேர்மன் அவர்களுக்கு,

முட்டைக்கு நன்றி. காலி டப்பாவைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

'ஒன்றுமே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். காது மங்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மிக அதிகமாகக் கிடைத்திருக்கும் பதில் அதுதான். எல்லோரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள், என்ன என்று கேட்பேன், ஒன்றுமில்லை என்பார்கள். மருத்துவர் என் மகளிடம் பேசுவார், என்ன என்று கேட்பேன், ஒன்றுமில்லம்மா என்பாள். அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் ஒன்றுமில்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

'ஊர்மக்களுக்குக் காது கொடுப்பது' என்று ஒரு நோக்கம் எழுதியிருக்கிறீர்களே. போன வருஷம் நான் கவுன்சிலுக்கு வந்த முதல் கூட்டத்தில் ஒன்று கேட்டேன். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அது வேலை செய்தால் அங்கே பேசுவது நேராக என் காதுக் கருவிக்கு வரும். அது வேலை செய்யவில்லை, யாராவது பாருங்கள் என்றேன். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ப்ரூடன்ஸ் எழுதினாள். அதோடு சரி. என்னைக் கவுன்சிலுக்கு வா வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்ததே நீங்கள்தான். வந்து உட்கார்ந்து இத்தனை மாதம் நான் கேட்டது டீ பாய்லரின் இரைச்சலை மட்டும்தான்.

இதற்குப் பதில் வேண்டாம். என்ன வேண்டும் என்பதைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

ஹெஸ்டர்


13 ஜூன்

அன்புள்ள ஹெஸ்டர்,

இனி நிம்மதியாகத் தூங்கலாம். சீட் பத்திரம்! நேற்றுக் கூட்டத்தில் காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். சௌகரியப்படும்போது, மனசு ஆறும்போது வாருங்கள். கிறிஸ்துமஸ்வரை அவகாசம் இருக்கிறது.

இனியாவது கதவைத் திறப்பீர்கள் என்ற நம்பிக்கையில்,
ரோட்னி


21 ஜூன்

மிஸ்டர் லஸ்கம்,

ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். மேவிஸ் கல்லாவைவிட்டு வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு லாட்டரி ஏதும் அடித்துவிட்டதா என்று நினைத்தேன். உதட்டை நன்றாக அசைத்து, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நீங்களே மன்னிப்புக் கேட்டுட்டீங்களாமே. பெரிய மனசு உங்களுக்கு."

அங்கிருந்து நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனேன். ஜூன் கூட்டக் குறிப்பு கண்ணாடிக்குள் குத்தியிருந்தது. முதல் வரி: 'வர இயலாதோர் மன்னிப்பு: உறுப்பினர் எச். வென். மன்னிப்பு ஏற்கப்பட்டது.'

அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் யாரோ நடந்துபோனார்கள், திரும்பவில்லை. எழுபதை நெருங்குகிறேன், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தின மாதிரி உடம்பு கூசியது. என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் என் பெயரில் நீங்களே மன்னிப்புக் கேட்டு, நீங்களே அதை ஏற்றுக்கொண்டு, ஊருக்கு நடுவில் கண்ணாடி போட்டு மாட்டியும்விட்டீர்கள்.

ஜூலைக் கூட்டத்தில் அந்த வரியை அடிக்க வேண்டும். அடித்தால் என் சீட் போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும்.

எச். வென்


18 ஆகஸ்ட்

ஹெஸ்டர்,

இந்தக் கடிதம் ஜூன் மாதமே வந்திருக்க வேண்டியது. எழுத உட்காருவேன், தாளைக் கிழிப்பேன், தோட்டத்துக்குப் போய்விடுவேன். நான் வாயாடியே தவிர தைரியசாலி இல்லை என்பதை இந்த வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஜூலைக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன கூட்டக் குறிப்பு சரிதானா என்று ப்ரூடன்ஸ் கேட்டாள். வழக்கமாக எல்லோரும் முனகிவிட்டுக் கை தூக்குவோம். நான் எழுந்து நின்றேன். "முதல் வரி பொய். ஹெஸ்டர் எந்த மன்னிப்பும் அனுப்பல. அனுப்பினதா நான்தான் சொன்னேன். அதை அடிச்சிடுங்க" என்றேன். ப்ரூடன்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே கூனிக்குறுகிப்போனேன். பதினைந்து வருஷமாகக் குறிப்பு எழுதுகிறவள், ஒரு கமா தப்பாக விழுந்தால் தூங்க மாட்டாள், அவள் கையால் பொய்யை எழுத வைத்திருக்கிறேன். ஸ்கேலை வைத்து அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். டென்சில் கேட்டார், "அப்ப அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்லையா?" இல்லை என்றேன். "என்ன மனுஷன்யா நீங்க" என்றார். வேலிச் செடியைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்று இரவே உங்களுக்கு எழுதியிருந்தால்கூட நீங்கள் ஏதாவது செய்திருக்கலாம். ஒரு வரி, ஒரு சிறப்புக் கூட்டம், ஏதாவது ஒன்று. அதையும் எழுதவில்லை. எழுதினால் அந்த வேடிக்கைப் பேச்சையும் எழுத வேண்டி வருமே என்று தள்ளிப்போட்டேன். என் கோழைத்தனத்தால் உங்கள் சீட் போனது. விதியால் போனது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நேற்று 'உறுப்பினர் இடம் காலி' என்ற அறிவிப்பைப் பலகையில் குத்தச் சொல்லி ப்ரூடன்ஸ் என் கையிலேயே கொடுத்தாள். குத்தூசி எடுக்கக் கூடத்தைத் திறந்தேன். யாருமில்லை. அந்த வெள்ளைப் பெட்டி கண்ணில் பட்டது. அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால் போனது, அங்கே அதன் ப்ளக் தரையில் தூசியோடு கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் டீ பாய்லரின் ப்ளக் செருகியிருந்தது. பெட்டி கெட்டுப்போகவே இல்லை ஹெஸ்டர். நமக்கு டீ கொதிக்க வேண்டும் என்று அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறோம். பாய்லரைப் பிடுங்கி இதைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. அங்கேயே ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உடனே எழுதுகிறேன். அன்று நான் சொன்னது இது. முதலில் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு "ஆங்? என்ன? என்ன?" என்றேன். பிறகு சந்தைக் குரலில் சொன்னேன்:

"யாரும் ரெண்டு தடவை கேக்கக் கூடாதாமே! நம்ம ஹெஸ்டருக்கு ரெண்டு தடவை பத்தாதுங்க! ஹெஸ்டர் ஒரு தரம்... ஹெஸ்டர் ரெண்டு தரம்... ஹெஸ்டர் மூணு தரம்! இன்னும் காதுல விழலையாம். விலை போகல, வீட்டுக்கே ஓட்டிட்டுப் போங்க!"

சுத்தியலைத் தட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்களுக்குக் கேட்கவில்லை என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். மார்ச் மாதம் எழுதியதில் 'நீங்களும்தானே சிரித்தீர்கள்' என்று கேட்டேனே, அது தெரிந்தே கேட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ரோட்னி


29 ஆகஸ்ட்

ரோட்னி,

வாசித்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு குன்றுவரை நடந்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன்.

இந்த ஆறு மாதமும் அந்த வார்த்தைகளை நானே கற்பனை செய்துகொண்டிருந்தேன். ராத்திரி படுத்தால் விதவிதமாக வரும். என் வயதைப் பற்றி, கணவன் என்னைவிட்டுப் போனதைப் பற்றி, என் வீட்டு நாற்றத்தைப் பற்றிக்கூட. நீங்கள் உண்மையில் சொன்னது நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. முன்பே எழுதியிருந்தால் ஒரு நாள் திட்டிவிட்டு மறுநாள் கூட்டத்துக்கு வந்திருப்பேன். நகைச்சுவையும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. சந்தையில் இதைவிட நன்றாகப் பேசுவீர்கள்.

மாடு என்றதுகூடப் பரவாயில்லை. கேட்காமல் சிரித்தேனே, அதுதான் ஆறவில்லை. நிமிர்ந்து உங்களைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, அதை நான் பார்த்ததுகூட இல்லை.

அந்த மஞ்சள் சீட்டில் எழுதியதன் அர்த்தத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தபால் போடும்போது தினமும் யாராவது வாசலில் நின்று, "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் சரி என்று உள்ளே போய்விடுவார்கள். சிலர் மட்டும் நான் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு பின்னாலேயே வந்து, "நல்லாப் பாத்தீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. பையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். முதல் தடவை கேட்பதற்கு ஒரு மனிதனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டாம் தடவை கேட்கும்போது அவன் கெஞ்சுகிறான். என் ஊர்க் கவுன்சில் யாரையும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்று நினைத்தேன். அளக்க முடியாது என்று 'இதர'வில் போட்டுவிட்டீர்கள்.

அந்தச் சுவர்ப் பெட்டியைப் பற்றி நான் இரண்டாம் தடவை கேட்காமல் இருந்ததும் அதனால்தான். இப்போது யோசித்தால் அது வெறும் வறட்டுக் கௌரவம். ப்ளக் கீழே கிடக்கிறதா என்று நானே நாற்காலியை நகர்த்திப் பார்த்திருக்கலாம்.

சீட் போனதற்காக நான் அழவில்லை. கோபம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹெஸ்டர்


8 செப்டம்பர்

அன்புள்ள ஹெஸ்டர்,

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நோக்கங்களை இறுதி செய்கிறோம். பொதுமக்கள் வரிசையில் வந்து உட்காருங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பெட்டி வேலை செய்யும். ப்ளக்கின்மேல் டேப் ஒட்டி, 'பிடுங்காதே' என்று ப்ரூடன்ஸ் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். டீ கிடையாது. டென்சில் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவரப் போகிறாராம், தனக்கு மட்டும்.

தபால் துளை மூடியை மாற்றிவிட்டேன்.

ரோட்னி


12 செப்டம்பர்

ரோட்னி,

நேற்று வந்திருந்தேன், பார்த்தீர்கள். பின் வரிசையில் உட்கார்ந்து காதுக் கருவியைத் திருப்பினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் ப்ரூடன்ஸ் தாளைப் புரட்டுவது என் தலைக்குள் கேட்டது. டென்சிலின் வயிறு உறுமுவது கேட்டது. அவ்வளவு பேர் வாயசைப்பதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி சமாளித்தேன்.

முதல் வரி, வர இயலாதோர் மன்னிப்பு. எல்லோரும் வந்திருக்கிறோம், யாருமில்லை என்று ப்ரூடன்ஸ் அடுத்ததுக்குப் போகப் பார்த்தாள். நீங்கள், "என் மன்னிப்பை எழுதுங்க" என்றீர்கள். அவளுக்குப் புரியவில்லை. "நீங்க இங்கதானே இருக்கீங்க? இருக்கறவர் மன்னிப்பை நான் எங்க எழுதறது?" என்றாள். "எங்க வேணும்னாலும் எழுதுங்க" என்றீர்கள். அப்புறம் பிப்ரவரி மத்தியானம் என்னைப் பற்றிச் சொன்னதை, கையைக் குவித்ததிலிருந்து சுத்தியல் வரை, ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னீர்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என் பெயரில் பொய் மன்னிப்புச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னீர்கள். உங்கள் குரல் நடுங்கியதுகூட எனக்குக் கேட்டது. நல்ல பெட்டி அது.

மன்னிப்பை ஏற்கிறீர்களா என்று ப்ரூடன்ஸ் கேட்டாள், விதி அப்படி. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஏற்கப்பட்டது என்று எழுதினாள். அப்போதுதான் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொதுமக்களுக்கு ஓட்டுக் கிடையாதே.

ஆக, என்னிடம் கேட்க வேண்டியதைக் கவுன்சிலிடம் கேட்டீர்கள், எனக்குப் பதிலாகக் கவுன்சிலே கை தூக்கிவிட்டது. ஜூனில் செய்ததுபோல, என்னைக் கேட்காமலே முடித்துவிட்டது இது இரண்டாவது முறை. உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் அதை யோசித்திருக்க மாட்டீர்கள். திரும்பிப் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தால் அந்த நிமிஷம்தான் புரிந்திருக்கிறது.

என் மஞ்சள் சீட்டில் இருந்ததை முதல் நோக்கமாக வைத்தீர்கள். இதை எப்படி அளப்பது என்று ப்ரூடன்ஸ் கேட்டாள். 'தெரியவில்லை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். அதுவே நல்லது. காலியிடத்துக்கு மனுப் போடும்படி டென்சில் வெளியே வந்து சொன்னார், ஃபிளாஸ்கிலிருந்து டீயும் ஊற்றிக்கொடுத்தார். யோசிக்கிறேன் என்றேன்.

மன்னிப்பு இன்னும் ஏற்கப்படவில்லை, ரோட்னி. கூட்டத்தில் நீங்கள் சொன்னது கூட்டத்துக்கு. ஞாயிறு மத்தியானம் என் சமையலறைக்கு வாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, மெதுவாகச் சொல்லுங்கள். கதவைத் தட்ட வேண்டாம், திறந்தே இருக்கும்.

நேற்று நீங்கள் சொன்னது எனக்கு முழுவதும் கேட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்கிறேன்.

ஹெஸ்டர்